'பத்தாம் மாதம் எப்போது வரும்': ஒரு வியட்நாமியப் போர்க்காலக் காதல் படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமின் போர்க்காலக் காதல் படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும், 1984ஆம் ஆண்டு டாங் நியாட் மின் இயக்கிய இந்தப் படத்தைத்தான் சொல்லி வருகிறேன். 'பாவ் ஸோ சோ டென் தாங் மூய்' என்பது அதன் வியட்நாமியப் பெயர். 'வென் தி டென்த் மந்த் கம்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் வெளிநாடுகளில் அறியப்பட்டது. படத்தைப் பார்த்தவர்களும் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

படத்தின் கதை என்ன?

ஸூயென் வடக்கு வியட்நாமின் செவ்வாற்றுச் சமவெளியில் வாழும் ஓர் இளம்பெண். அவளுடைய கணவன் நாம், நாட்டின் தென்மேற்கு எல்லையில் படைவீரனாக இருக்கிறான். வீட்டில் நோயாளியான மாமனாரும் சின்ன மகன் துவானும் இருக்கிறார்கள். கணவனைப் பார்த்துவரப் புறப்பட்டுப் போனவளுக்கு, அவன் இறந்துவிட்டான் என்ற செய்திதான் அங்கே கிடைக்கிறது. அதைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பும் வழியில், ஆற்றைக் கடக்கும் படகிலிருந்து மயங்கித் தண்ணீரில் விழுகிறாள். அதே படகில் வந்த காங் என்னும் பள்ளி ஆசிரியர் குதித்து அவளைக் காப்பாற்றுகிறார். அவளுடைய கணவனின் இறப்பு அறிவிப்புத் தாள் அவர் கண்ணில் படுகிறது. ஊரில் அந்தச் செய்தியை அறிந்த இன்னொருவர் அவர் மட்டுமே.

மாமனாரின் உடல்நிலை இந்தச் செய்தியைத் தாங்காது என்று அஞ்சும் ஸூயென், கணவன் உயிரோடு இருப்பதாகவே காட்டிக்கொள்கிறாள். கணவனிடமிருந்து வருவதுபோலக் கடிதங்கள் எழுதித் தரும்படி காங்கிடம் கேட்கிறாள். அவரும் எழுதுகிறார். முழுக் கதையும் இந்தக் கடிதங்களிலிருந்துதான் கிளைக்கிறது.

காதல் படம் என்கிறீர்கள். யாருக்கும் யாருக்கும் இடையிலான காதல்?

இங்கே இரண்டு காதல்கள் இருக்கின்றன, இரண்டுமே வாய்விட்டுச் சொல்ல முடியாதவை. ஒன்று, இறந்துபோன கணவன்மீது ஸூயெனுக்கு இருக்கும் காதல். அவன் இறந்ததையே வெளியில் சொல்ல முடியாதபோது, அவனுக்காக அழவும் அவளால் முடியவில்லை. மற்றொன்று, காங்கின் மனத்தில் மெல்ல முளைப்பது. இன்னொருவன் பெயரில், அவனுடைய மனைவி இருக்கும் வீட்டுக்கு, அன்பான சொற்களைத் தேடித்தேடி எழுத வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவர், எந்த வரி வரை அந்தக் கணவனாக எழுதுகிறார், எந்த வரியிலிருந்து தாமாக எழுதத் தொடங்குகிறார் என்பதை அவராலேயே சொல்ல முடியாமல் போகிறது. காங் கவிதை எழுதுகிறவரும்கூட என்பதால், சொற்களை அளந்து கொடுப்பது அவருக்கு இன்னும் கடினம்.

இருவரும் தனியாகப் பேசிக்கொள்வதை ஊர் பார்க்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? படக்கூடாத ஒரு கண்ணில் ஒரு கடிதமும் பட்டுவிடுகிறது. அந்தப் பேச்சின் விளைவாக ஆசிரியர் அந்த ஊர்ப் பள்ளியைவிட்டே மாற்றப்படுகிறார். தன்னைப் பற்றிய பழியை ஒரே சொல்லில் துடைத்தெறிய ஸூயெனால் முடியும், ஆனால் அந்த ஒரு சொல் மாமனாரின் உயிரைப் போக்கிவிடக்கூடும் என்பதால் அவள் வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்தைவிடப் பெரிய காதல் காட்சி எதுவும் படத்தில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது அமெரிக்காவுடனான போரைப் பற்றிய படமா?

இல்லை. வியட்நாம் என்றதும் அமெரிக்கப் போரே நினைவுக்கு வருவதால் பலரும் இப்படி எண்ணிக்கொண்டு பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தப் போர் 1975 ஏப்ரலில் முடிந்துவிட்டது. ஸூயெனின் கணவன் நாம் இறப்பது அதற்குப் பின், கம்போடியாவை அப்போது ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் படைகளோடு தென்மேற்கு எல்லையில் நடந்த மோதலில். அந்த எல்லையில் பொதுமக்கள் பட்ட துன்பம் சிறிதன்று. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் வியட்நாமியப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைந்தன, 1979 ஜனவரி 7 அன்று அதன் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தன, 1989 வரை அந்நாட்டிலேயே இருந்தன. அதாவது, இந்தப் படம் வெளியான 1984இல் அதைப் பார்த்த பல குடும்பங்களின் பிள்ளைகள் அப்போதும் எல்லைக்கு அப்பால்தான் இருந்தார்கள். முடிந்துபோன போரை நினைவுகூரும் படமாக அவர்கள் இதைப் பார்த்திருக்க முடியாது.

ஸூயென் போய்வந்த தொலைவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்குச் செல்லும் இருப்புப்பாதையின் நீளம் மட்டும் 1,726 கிலோமீட்டர். போரில் துண்டுபட்டுக் கிடந்த அந்தப் பாதை 1976 இறுதியில்தான் மீண்டும் இணைக்கப்பட்டது. அந்தக் காலத்து வசதிகளோடு நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய், கையில் ஓர் இறப்புத் தாளோடு திரும்பிவரும் பெண் படகில் மயங்கி விழுவதில் வியப்பில்லை.

படத்தில் போர்க் காட்சிகள் உண்டா?

போர்க்களம் திரைக்கு வருவதேயில்லை. வயல், ஆறு, பள்ளிக்கூடம், ஊர்க்கோயில் முற்றம், மாமனார் படுத்திருக்கும் அறை ஆகியவற்றில்தான் கதை நடக்கிறது. போர் ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதைக் காட்ட இயக்குநருக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை.

அது என்ன 'பத்தாம் மாதம்'?

அக்டோபர் என்று எண்ணிவிடக் கூடாது. வியட்நாமியக் கிராம வாழ்க்கை சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவது, அதன்படி பத்தாம் மாதம் ஏறத்தாழ நவம்பரில் வரும். செவ்வாற்றுச் சமவெளியில் மரபாக இருபோகம் நெல் விளைகிறது. ஒன்றை ஐந்தாம் மாதத்திலும், மற்றொன்றைப் பத்தாம் மாதத்திலும் அறுப்பார்கள். பத்தாம் மாத அறுவடைதான் பெரும் எதிர்பார்ப்புக்குரியது. அதற்கு முந்தைய மாதங்களில் குதிரில் நெல் அடிமட்டத்துக்கு வந்துவிடும், வயலில் பயிர் பச்சையாகவே நிற்கும். ஆகவே 'பத்தாம் மாதம் எப்போது வரும்' என்பது பசித்த வயிறு கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியை, வரவே முடியாத ஒருவனுக்காகக் காத்திருக்கும் வீட்டின்மேல் வைத்ததில்தான் தலைப்பின் வலி இருக்கிறது. நெல் விளையும், அறுவடை வரும், ஆனால் நாம் திரும்பி வரமாட்டான்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு வியட்நாமியப் பழமொழி உண்டு: ஐந்தாம் மாதத்து இரவு, படுப்பதற்குள் விடிந்துவிடும், பத்தாம் மாதத்துப் பகல், சிரிப்பதற்குள் இருட்டிவிடும். வட வியட்நாமில் பகல் குறுகியிருக்கும் காலம் அது. படம் இந்தப் பழமொழியைச் சார்ந்து எடுக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைப்பைக் கேட்கும் ஒரு வியட்நாமியரின் காதில் அறுவடையின் மகிழ்ச்சியோடு அந்த இருட்டும் சேர்ந்தே ஒலிக்கும்.

ஸூயென் பொய் சொல்வது நியாயமா?

அதிகமாக வாதிடப்படும் கேள்வி இது. எடுத்த எடுப்பில் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்புச் சொல்லிவிடாமல், அந்தப் பொய்க்கு அவள் கொடுக்கும் விலையைப் பார்க்க வேண்டும். வியட்நாமில் துக்கத்தின் நிறம் வெள்ளை. கணவனை இழந்தவள் தலையில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும், பலிபீடத்தில் அவன் பெயருக்கு ஊதுவத்தி ஏற்ற வேண்டும், உற்றார் உறவினர் வந்து துக்கம் விசாரிக்க வேண்டும். இத்தனையும் இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை, கூடவே உயிரோடு இருப்பவளுக்குச் சாய்ந்துகொள்ளக் கிடைக்கும் தோள். இவற்றில் ஒன்றைக்கூட ஸூயென் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. மாமனாருக்கு மகன் வேண்டும், சிறுவனுக்கு அப்பா வேண்டும், அவர்கள் இருவருக்காகத் தன் துக்கத்தைத் தள்ளி வைக்கிறாள்.

அதே சமயம், இந்தப் பொய்யால் யாரும் காயப்படவில்லை என்று படம் நடிக்கவும் இல்லை. கடிதம் வாசிக்கப்படும்போது அந்த முதியவர் முகத்தில் தெரியும் நிறைவையும் நாம் பார்க்கிறோம், தன் தந்தை எழுதியதாகவே அதை நம்பும் சிறுவனையும் பார்க்கிறோம். ஆசிரியரின் பெயர் கெடுகிறது, அவரது வேலையிடம் மாறுகிறது. அன்பினால் சொல்லப்பட்ட பொய்யும் யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டிய கடன்தான். எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது, அந்தக் கடன் யார்மேல் எவ்வளவு விழுகிறது என்பதை அது மறைக்காமல் காட்டுவதுதான்.

அந்தக் கூத்து மேடைக் காட்சியை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

வட வியட்நாமியக் கிராமங்களில் 'சேவோ' என்றொரு நாட்டுப்புறக் கூத்து உண்டு. பாட்டும் ஆட்டமும் பேச்சும் கலந்தது. ஊர்ப் பொதுக்கூடத்தின் முற்றத்தில், தாளம் சொல்லும் முரசோடு நடக்கும். ஸூயென் அந்தக் கூத்தில் ஆடக்கூடியவள். ஊரில் ஒருநாள் நிகழ்ச்சி நடக்கிறது, அதில் போருக்குப் புறப்படும் கணவனுக்கு விடைகொடுக்கும் மனைவியின் வேடம் அவளுக்கு வந்துசேர்கிறது.

சொல்ல வேண்டிய வரிகள் அனைத்தும் அவளுக்கு மனப்பாடம். அவையோருக்கும் அந்தக் கதை பழக்கமானதுதான். ஆனால் போய் வாருங்கள் என்று அவள் பாட வேண்டிய இடத்தில் குரல் உடைகிறது. இத்தனை நாளும் அடுப்படியிலும் வயலிலும் அடக்கி வைத்திருந்த அழுகை, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் வருகிறது. பார்ப்பவர்கள் சிறிது நேரம் அதை நடிப்பென்றே எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதுதான் அந்தக் காட்சியின் கொடுமை. வேடம் போட்டால்தான் அவளால் உண்மையாக அழ முடிகிறது. பாதியில் மேடையைவிட்டு இறங்கி, ஊர்க்காவல் தெய்வத்தின் கோயிலை நோக்கி ஓடுகிறாள். ஸூயெனாக நடித்த லே வானின் முகத்தில் வேடத்து மனைவியும் உண்மையான மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் படியும் அந்தச் சில விநாடிகளுக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பவும் பார்த்திருக்கிறேன்.

உயிரோடு இருப்பவரும் இறந்தவரும் சந்திக்கும் சந்தை உண்மையிலேயே உண்டா?

அப்படியொரு நம்பிக்கை உண்டு, அதையொட்டிய சந்தையும் இருந்திருக்கிறது. பாக் நின் மாகாணத்தின் ஓர் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, சந்திரப் புத்தாண்டின் நான்காம் நாள் இரவில், 'இருள் – ஒளிச் சந்தை' கூடிவந்தது. விளக்கு ஏற்றாமல், பேரம் பேசாமல், கறுப்புக் கோழிகளைக் கொண்டுவந்து விற்பதும் வாங்குவதும் மரபாக இருந்தது. அந்த இருட்டில் தம் குடும்பத்தில் இறந்துபோனவர்களும் நடமாடுவார்கள் என்பது நம்பிக்கை. படம் இந்தச் சந்தையை ஏழாம் மாதத்துப் பௌர்ணமியோடு இணைக்கிறது. வியட்நாமியர்கள் அலையும் ஆவிகளுக்குப் படையல் இடும் நாள் அது என்பதால் அந்த இணைப்பு இயல்பாகவே பொருந்துகிறது.

படத்தில் ஸூயென் மூடுபனி படர்ந்த அந்தச் சந்தைக்குள் நடந்து போய்த் தன் கணவனைச் சந்திக்கிறாள். அவன் புலம்பவில்லை, பழிவாங்கச் சொல்லவில்லை. தன் கடமை முடிந்தது, இருப்பவர்கள் நன்றாக வாழ வேண்டும் என்பதுதான் அவன் பேச்சின் சாரம். பயமுறுத்தும் பேய்க் காட்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அமைதி வியப்பாக இருக்கும்.

இந்தக் காட்சியால் தணிக்கையில் சிக்கல் வந்தது உண்மையா?

உண்மை. அரசுப் பணத்தில், அரசு ஸ்டூடியோவான வியட்நாம் கதைப்பட நிறுவனத்தில் எடுக்கப்பட்ட படம் இது. ஆவிகள் வருவது மூடநம்பிக்கையைப் பரப்பும் என்ற எதிர்ப்பு எழுந்ததால் படம் மீண்டும் மீண்டும் பார்வைக்கு வைக்கப்பட்டது. பதின்மூன்று முறை பார்க்கப்பட்ட பிறகே அனுமதி கிடைத்தது என்று இயக்குநர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாட்டின் பொருளாதாரச் சீர்திருத்தமான 'தோய் மோய்' தொடங்கிய 1986க்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய காலம் அது. சந்தைக் காட்சியை வெட்டியெறிந்திருந்தால், ஸூயெனுக்குக் கணவனிடம் விடைபெற வேறு இடமே இருந்திருக்காது. அதை விட்டுக்கொடுக்காமல் நின்றவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இயக்குநரைப் பற்றிச் சொல்லுங்கள்.

டாங் நியாட் மின் 1938இல் ஹுவே நகரில் பிறந்தவர். ரஷ்ய மொழி கற்று, மொழிபெயர்ப்பாளராக இருந்து சினிமாவுக்குள் வந்தார். இந்தப் படத்தின் திரைக்கதையும் அவருடையதே. அவருடைய தந்தை டாங் வான் ஙூ, வியட்நாமில் பெரிதும் மதிக்கப்படும் மருத்துவர். பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரின்போது காட்டில் பெனிசிலின் தயாரித்தவர், பிறகு மலேரியா ஆய்வில் ஈடுபட்டவர். அந்த ஆய்வுக்காகவே துருவோங் சோன் மலைப்பகுதிக்குப் போனவர் 1967இல் அமெரிக்க பி-52 விமானக் குண்டுவீச்சில் உயிரிழந்தார். போர்முனையிலிருந்து ஒரு நாள் வீட்டுக்கு வந்துசேரும் செய்தி எப்படிப்பட்டது என்பதை இயக்குநர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. படத்தில் இறந்தவனைப் பற்றிய பேச்சில் ஆரவாரம் கொஞ்சமும் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நடித்தவர்கள் யார்?

ஸூயெனாக நடித்த லே வான் நடனக் கலைஞர், கலைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தங்கை லே கான் வியட்நாமின் புகழ்பெற்ற நடிகைகளில் ஒருவர். ஆசிரியர் காங்காக நடித்த ஹூ மூய் பின்னாளில் தாமே இயக்குநராகி, 1972இல் குவாங் த்ரீ கோட்டைப் போருக்குப் போன மாணவர்களைப் பற்றிப் படம் எடுத்தார்.

பெயர்களுக்குப் பொருள் உண்டா?

'ஸூயென்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இருவரைச் சந்திக்க வைக்கும் ஊழ், முன்வினைத் தொடர்பு என்ற பௌத்தப் பொருள் அதற்கு உண்டு. நளினம், வசீகரம் என்றும் பேச்சு வழக்கில் பொருள் கொள்வார்கள். கணவன் மனைவியாகச் சேர்வதையும், சேர முடியாமல் போவதையும் வியட்நாமியர்கள் இந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். ஒருவனோடு வாய்த்த தொடர்பு அறுந்து, இன்னொருவரோடு தொடங்கவும் முடியாமல் நிற்கும் பெண்ணுக்கு இந்தப் பெயர். 'நாம்' என்பதற்குத் தெற்கு என்று பொருள். அவன் போய் மடிந்த திசையும் அதுவே.

இது அரசுப் பிரச்சாரப் படம் இல்லையா?

அரசு எடுத்த படம்தான். நாட்டுக்காக உயிர்விட்டவனை அது குறை சொல்லவும் இல்லை. ஆனால் வீரமரணம் என்ற சொல் ஊரில் முழங்கும்போது, அந்த வீரனின் வீட்டில் சோறாக்குகிறவள் என்ன பாடுபடுகிறாள் என்று கேட்கும் படம் எந்தப் பிரச்சாரத்துக்கும் எளிதில் பயன்படாது. இங்கே எதிரியின் முகம்கூட நமக்குக் காட்டப்படுவதில்லை.

வெளிநாடுகளில் எப்படி வரவேற்றார்கள்?

உள்நாட்டில் 1985ஆம் ஆண்டு வியட்நாம் திரைப்பட விழாவில் பொற்றாமரை விருது கிடைத்தது. அதே ஆண்டு ஹவாய் சர்வதேசத் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. அப்போது அமெரிக்காவுக்கும் வியட்நாமுக்கும் தூதரக உறவே இல்லை, வணிகத் தடை 1994 வரை நீடித்தது, உறவு 1995இல்தான் மீண்டது. அப்படியொரு காலத்தில் வியட்நாமியக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் துக்கத்தை அமெரிக்க மண்ணில் திரையிட்டுப் பரிசும் கொடுத்தார்கள் என்பது சிறிய செய்தியன்று. 2008இல் சிஎன்என் வெளியிட்ட ஆசியாவின் மிகச் சிறந்த 18 படங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

கறுப்பு வெள்ளைப் படமாயிற்றே, இன்றைக்குப் பார்க்கப் பொறுமை இருக்குமா?

முதல் பத்து நிமிடங்களைக் கடந்துவிட்டால் நிறத்தின் நினைவே வராது. ஆற்றுநீரும் மூடுபனியும் கறுப்பு வெள்ளையில்தான் இப்படி ஒன்றோடொன்று கரையும். சுமார் ஒன்றரை மணி நேரப் படம், பிள்ளைகளோடு உட்கார்ந்தும் பார்க்கலாம்.

இதைப் பார்த்தபின் வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

வட வியட்நாமின் முதல் கதைப்படமான 'ஒரே ஆறு' 1959இல் வந்தது. 1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி நாடு பதினேழாம் அட்சக்கோட்டில் பிளக்கப்பட்டபோது, எல்லையாகிப்போன பென் ஹாய் ஆற்றின் இருகரைகளிலும் பிரிந்து நிற்கும் காதலர்களின் கதை அது. 1979இல் ஹோங் சென் இயக்கிய 'கைவிடப்பட்ட வயல்' இன்னொரு வகை. மீகாங் படுகையின் வெள்ளக்காட்டில், தண்ணீருக்கு மேலே குடிசை போட்டு வாழும் கணவனும் மனைவியும் கைக்குழந்தையும் அமெரிக்க ஹெலிகாப்டர்களுக்குத் தப்பி வாழ்கிறார்கள். ஹெலிகாப்டர் வரும்போது குழந்தையைப் பிளாஸ்டிக் பையில் இட்டுத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடிக்கும் காட்சியைப் பார்த்தவர் யாரும் மறப்பதில்லை. மாஸ்கோ விழாவில் 1981இல் தங்கப் பரிசு பெற்றது. அண்மைக் காலத்தில் 'பீச் மலர், ஃபோ, பியானோ' என்ற படம் 2024 சந்திரப் புத்தாண்டுக்கு ஹனோயில் வெளியாகி இளைஞர்களைத் திரையரங்குக்கு இழுத்தது. 1946 இறுதியிலும் 1947 தொடக்கத்திலும் பிரெஞ்சுப் படைகளுக்கு எதிராக ஹனோய் நகரம் போராடிய நாட்களில் நடக்கும் காதல் கதை.

படம் எப்படி முடிகிறது?

அதை இங்கே சொல்லப்போவதில்லை, நீங்களே பார்க்க வேண்டும். இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஒவ்வொரு காட்சியிலும் திரையில் இருப்பவர்களில் கணவன் இறந்த செய்தி யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். அந்தச் சிறிய வீட்டில் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது வேறு மாதிரித் தெரியும். பாயில் படுத்திருக்கும் அந்த முதியவரையும் அப்படியே பாருங்கள்.